காலி கேமார்ட்

நான் கார் ஓட்டப் பழகினது இங்க மிச்சிகன்ல, மூடிப்போன ஒரு கேமார்ட் வாசல்லதாங்க. அவ்ளோ பெரிய பார்க்கிங், இடிக்க ஆளே இல்ல :-) வாத்தியார், பக்கத்து வீட்டுப் பெரியவர். அந்தக் கடையிலயே இருபது வருஷம் வேலை பார்த்தவர்.

கேமார்ட், வால்மார்ட், டார்கெட் மூணும் பொறந்தது ஒரே வருஷம், 1962. கேமார்ட்தான் முதல்ல கொடிகட்டிப் பறந்துச்சு. 2000 கடைக்கு மேல இருந்துச்சாம்! எந்தக் கடையில எது தீர்ந்துச்சுன்னு கம்ப்யூட்டர்ல கணக்கு வெச்சே வால்மார்ட் முந்திடுச்சு. 2002-ல கேமார்ட் திவால். 2005-ல சியர்ஸோட சேர்ந்தாங்க. முழுகுறவன் இன்னொரு முழுகுறவனைப் பிடிச்ச கதைதான், 2018-ல ரெண்டும் சேர்ந்தே திவால்.

பெயர்ப்பலகை போயிடுச்சு, சுவத்துல எழுத்தோட தடம் மட்டும் இருக்கு. வாசல்ல பலகை அடிச்சிருக்காங்க. ஆனாலும் நான் பார்க் பண்றப்பல்லாம், "வாசலை மறிக்காதப்பா, ஜனங்க வருவாங்க"ம்பார். நானும் தள்ளித்தான் நிறுத்துவேன்.