எந்தச் சுவர் எங்களுக்கு நிற்கும்?

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியால் பஸ்ஸில் போனால், ஏறாவூர், செங்கலடி கழிந்ததும் வந்தாறுமூலை வரும். வந்தவர்கள் களைப்பாறிய மூலை என்பதால் இந்தப் பெயர் வந்ததென்று ஊரில் சொல்வார்கள். மகாவிஷ்ணு ஆலயமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் இவ்வூரின் அடையாளங்கள். 1990இல் அந்தப் பல்கலைக்கழக வளாகமே அகதி முகாமாக இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து இராணுவத்தினர் கொண்டு சென்ற 158 பேர் திரும்பி வரவில்லை. அதன்பின் வீட்டையும் பிள்ளைகளையும் தூக்கி நிறுத்தும் பொறுப்பு எத்தனையோ பெண்களின் தலையில் விழுந்தது.

அப்படியொரு அக்காவின் வளவுக்குப் போயிருந்தேன். வேப்பமர நிழலில் ஒரு தகரக் கொட்டில். மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள்.

"தங்கச்சி, கையில கொஞ்சக் காசு இருக்கு. தகரத்தையே புதுசா அடிக்கிறதா, கல்லு வைக்கிறதா? நீங்க படிச்ச ஆள், சொல்லுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகும். ஆகவே இது தாயும் மகளும் வாழப்போகும் சுவரைப் பற்றிய கேள்வி. இருவரும் நிழலில் இருந்து ஒவ்வொன்றாக யோசித்தோம்.

கிடுகு குளிர்ச்சி, மலிவு. ஆனால் ஓரிரு வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும், நெருப்புக்கும் பயம். தகரத்தை ஒரே நாளில் அடித்து முடிக்கலாம். ஆனால் கச்சான் காலத்து வெயிலில் உள்ளே இருக்க முடியாது, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியில் கூரைகள் பறந்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மண்சுவர் குளிர்ச்சியானது, எங்கள் கையாலேயே மெழுகலாம். ஆனால் 2011 ஜனவரி வெள்ளம் போல ஒன்று வந்து தண்ணீர் நின்றால் அடி கரைந்துவிடும். அடியை உயர்த்திக் கல்லால் கட்டினால் மட்டும் தாங்கும். சீமெந்துக் கல்லுக்குச் செலவு கூட. ஆனாலும் ஊர் மேசனே கட்டுவார், உடைந்தால் திருத்துவார், காசு வரவர அறை சேர்க்கலாம்.

இதே கேள்வி பெரிய அளவிலும் எழுந்தது. 2016இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் தருவதாகப் பேசப்பட்டது. ஒரு வீட்டுக்கு 21 இலட்சம் ரூபா. வெப்பம், துரு, திருத்துவதற்கு ஊரில் ஆளில்லாமை, பிறகு பெருப்பிக்க முடியாமை எனப் பலரும் குறை சொன்னார்கள். அந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்றும் கேட்டார்கள். அத்திட்டம் அந்த அளவில் நிறைவேறவில்லை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்திலோ ஐந்தரை இலட்சம் ரூபா கட்டம் கட்டமாகக் கொடுத்து, வீட்டுக்காரரே கட்டும்படி விட்டார்கள்.

தோழியரே, சுவர் எதுவானாலும் முதலில் மூன்று விஷயம் கேளுங்கள். இதை எங்கள் ஊரிலேயே திருத்த முடியுமா? மிச்ச வேலைக்கு நுண்கடன் எடுக்க வேண்டி வருமா? உறுதி யாருடைய பெயரில் இருக்கும்? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் பல வீடுகள் 'குடும்பத் தலைவர்' என்று ஆண்களின் பெயருக்கே போயின. வீடு பெண்வழியாக வரும் எங்கள் வழக்கத்தை அங்கே யாரும் கேட்கவில்லை.

மாரி கழிந்து மறுபடி போனேன். உயர்ந்த அத்திவாரத்தில் ஒரே ஓர் அறை, சீமெந்துக் கல்லில் எழும்பியிருந்தது. குசினி மண்சுவர். பழைய தகரம் இப்போதைக்குக் கூரையாகியிருந்தது. அடுத்த அறைக்கு ஒரு பக்கம் இடம் விட்டிருந்தார்.

"ஒருத்தருக்கும் கடனில்ல தங்கச்சி. உறுதியும் என்ர பேரில. இனி மகள்ற பேருக்கு எழுதலாம்" என்றார்.

பூசாத அந்தச் சுவரில் சாய்ந்து இருந்துதான் தேத்தண்ணி குடித்தோம்.