தட்டிப் பார்க்கிற உரிமை

எங்கள் ஊர்ச் சூளைக்கு வைக்கோலும் வரட்டியும் சுமந்தது சேரி. வெந்து இறக்கிய பானையைத் தொடும் உரிமை மட்டும் சேரிக்குக் கிடையாது. ஊர்க்காரர்கள் விரல் முட்டியால் தட்டி, ஓசை பார்த்து வாங்குவார்கள். நாங்கள் தள்ளி நின்று கை காட்ட வேண்டும். எட்டு வயதில் நான் ஒரு சட்டியைத் தட்டிவிட்டேன். "தொட்டுட்டேல்ல, காச வச்சிட்டு எடுத்துட்டுப் போ" என்றார்கள். கீறல் விட்ட சட்டி. பித்தளையில் தீட்டுப் பட்டால் புளி போட்டுத் துலக்கலாம், மண்ணில் பட்டால் உடைக்கத்தான் வேண்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். குயவரும் ஊருக்குப் பயந்தவர்தான். அம்மா அரைநாள் கூலியை எண்ணி வைத்தாள்.

போன வருசம் ஒரு பட்டறையில், சூளை இல்லாமல் இரும்பு டிரம்மில் பானை சுடக் கற்றுக்கொண்டேன். டிரம்மைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்தது. ரோடு போடப் போன அவர், காலித் தார் டிரம்மை வெட்டி விரித்துத்தான் எங்கள் குடிசைக்குக் கதவு வைத்தார்.

காற்று போக டிரம்மின் பக்கங்களில் ஓட்டை போட வேண்டும். அடியில் மரத்தூள், அதன்மேல் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய பானைகள், இடையிடையே வரட்டி, வைக்கோல். பானை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உள்ளே ஈரமிருந்தால் ஆவி அதை வெடிக்க வைத்துவிடும். நிறத்துக்காகச் சிலர் உப்பும் மயில்துத்தமும் தூவுகிறார்கள். துத்தம் போட்ட பானை சாப்பாட்டுக்கு ஆகாது, நாங்கள் போடவில்லை. மேலே தீ வைத்து, பிடித்ததும் தகரத்தால் பாதி மூடினோம். ராத்திரி முழுக்கத் தீ புகைந்தபடி கீழே இறங்கியது.

காற்று பட்ட இடம் சிவப்பு. மூச்சு முட்டிய இடத்தில் கரி ஏறிக் கறுப்பு. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு சிவப்புப் பாண்டங்களுக்கும் இதே கணக்குதான்: கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் புகாத உட்புறம் கறுத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். எம்.ஏ.வில் அந்தப் பாண்டங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன் நான். கறுப்பு எப்படி வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. அதற்கு வரட்டி சுமந்தது யார் என்று இப்போதும் எந்தப் பாடப்புத்தகமும் கேட்பதில்லை.

மூன்று பானைகளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். "சூடு கம்மி, தண்ணி கசியும். வெத போட்டு வக்கலாம்மா" என்றேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முதல் பானையைத் தட்டினாள், காது கொடுத்துக் கேட்டாள். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவது 'தொப்'பென்றது.

"இது கீறல். எனக்கு வேணாம்."

ஒரு பானையை வேண்டாம் என்று அம்மா சொல்லி அன்றுதான் கேட்டேன்.