அச்சூ... ஓசூர்!

ஓசூரின் 2,900 அடி உயரத்துக் குளுமை ரோஜாவுக்கு அமிர்தம். காதலர் தினத்துக்கு இங்கிருந்து ப்ளேன் ஏறும் 'தாஜ்மஹால்' ரோஜாவுக்குத் தனி மவுசு. எங்கள் கொல்லையிலும் பதினாலு ரோஜாச் செடி உண்டு.

மழை விட்டு ஒரு மாசம் ஆனால் எனக்குத் தும்மல் சீஸன். ஒன்றல்ல, வரிசையாகப் பதினேழு! ஆபீஸில் எண்ணிச் சொல்லவே ஒருத்தர் இருக்கிறார்.

"எல்லாம் அந்த ரோஜாவால வர்ற வினை. வெட்டித் தள்ளுங்க மாப்ளே!" என்றார் மாமனார்.

தூக்குத் தண்டனைக்கு முன்னால் விசாரணை வேண்டாமா சார்? ரோஜாவின் மகரந்தம் கனம், பிசுபிசுப்பு. தேனீ சுமந்தால்தான் பயணம். காற்றேறி மூக்குக்கு வருவது அபூர்வம். நிஜக் குற்றவாளி, காம்பவுண்டுக்கு வெளியே குட்டிக் குட்டி வெள்ளைப் பூவோடு அப்பாவியாக நிற்கும் பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் தென்பட்டு, டிக்கெட் வாங்காமலே தேசம் பூரா பரவிய களை. அதன் மகரந்தம் காற்றிலேயே வரும்.

ரோஜா விடுதலை! பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, முகமூடி சகிதம் அந்த வேலை அலர்ஜி இல்லாத மச்சானுக்கு. காலைக் காபி எனக்கு, ரோஜா பக்கத்தில்.

தும்மல் இப்போது ஆறுதான். அந்த ஆறும் எதிர்த்த காலி மனையின் உபயம். ஓனர் துபாயில். அங்கே வரைக்கும் கேட்கிற மாதிரி தும்மிப் பார்க்கிறேன்!