முனையில் ஒரு துண்டு உலோகம்

டெக்ஸாஸில் சனிக்கிழமை காலைகளில் நான் துப்பாக்கி சுடப் போகிறேன் என்பதை அம்மாவுக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. “யாரைடா சுடப் போற?” என்பாள். காகிதத்தைத்தான் என்றால் நம்ப மாட்டாள்.

என்னுடையது 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி. வாங்கும்போதே குழல் முனையில் சின்னதாக ஒரு மசில் பிரேக் திருகியிருந்தது. “அது சும்மா அலங்காரம் சார், கழட்டிட்டு நல்லதா ஒண்ணு மாட்டுங்க” என்று கூடச் சுடும் தமிழ் நண்பர் ஒருவர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு வலது கட்டைவிரல் மூட்டில் தேய்மானம். இப்படியே போனால் விளையாட்டை விட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், அவர் பேச்சை எளிதில் தள்ள முடியவில்லை.

பிரேக் என்ன செய்கிறது? தோட்டாவின் பின்னால் வரும் சூடான வாயுவை வழியிலேயே திருப்பிவிடுகிறது. பக்கவாட்டில் திருப்பினால் பின்னுதைப்பு குறையும். மேல்நோக்கித் திருப்பினால் முனை எழும்புவது குறையும். இரண்டாவது வகையைத்தான் காம்பென்சேட்டர் என்கிறார்கள். உதைப்பின் பெரும்பகுதியைக் கை உணர்வதற்குள் தோட்டா குழலை விட்டுப் போயிருக்கும். அதற்கு ஒரு மில்லி செகண்டுகூட ஆவதில்லை. ஆகவே முதல் குண்டின் குறி இதனால் மேம்படப் போவதில்லை. அடுத்த குண்டுக்கு முனை சீக்கிரம் திரும்பி வரும், அவ்வளவுதான்.

அதற்கும் வாயு வேண்டும். போட்டிகளில் தோட்டாவின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து ‘பவர் ஃபேக்டர்’ என்பார்கள். பெரிய காம்பென்சேட்டர் மாட்டி ஓப்பன் பிரிவில் சுடுகிறவர்கள் 165க்கு மேல் போகும்படி தோட்டா தயாரிப்பவர்கள். கடையில் நான் வாங்குவது 115 கிரெயின், 1150 அடி வேகம், கணக்கு 132தான். அவர்கள் பிரேக்குக்குக் கிடைக்கும் வாயு என்னுடையதற்குக் கிடைக்காது. தவிர, குழலில் எடை கூடினால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாமல் சிக்கலாம். ஸ்பிரிங்கையும் மாற்றச் சொல்வார்கள். ஒன்றை மாற்றப் போய் மூன்றை மாற்றும் கதை.

ஒரு நாள் டைமரோடு போய், இருக்கிற பிரேக்கைக் கழற்றியும் மாட்டியும் ஐந்தைந்து குண்டாகப் பத்து முறை சுட்டுப் பார்த்தேன். நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மாட்டியிருந்தபோது கட்டைவிரல் கொஞ்சம் குறைவாக முனகியது. அலங்காரம் மட்டுமல்ல என்று தெரிந்தது.

நண்பர் காட்டியதில் பக்கத் துளைகள் பெரியவை. மூடிய ரேஞ்சில் அந்த வாயு அடுத்த தடுப்பில் நிற்பவரைத்தான் அறையும். கைத்துப்பாக்கி வெடிப்பு ஏற்கெனவே 160 டெசிபலை ஒட்டியது; 140க்கு மேல் காதுக்கு ஆபத்து. என் பக்கத்தில் வழக்கமாக நிற்பவர் எழுபதைத் தாண்டியவர், காதுக்கருவி வைத்திருப்பவர். என் விரலுக்காக அவர் காதைக் கேட்பது நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. மகன் இருப்பது கலிஃபோர்னியாவில். அங்கே கழற்றி மாட்டும் மேகசினோடு, முனையில் திருகுமரை வெட்டிய குழலும் இருந்தால், அந்த அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி ‘அசால்ட் வெப்பன்’ கணக்கில் வந்துவிடும். ஓய்வுக்குப்பின் அங்கே போவதாக வீட்டில் பேச்சு. “அங்க கொண்டுபோக முடியாத சாமானுக்கு இன்னும் எதுக்குங்க காசு?” என்றாள் மனைவி.

கடைசியில் நான் மாற்றியது தோட்டாவை. 147 கிரெயின், 900 அடி வேகம். பெருக்கிப் பாருங்கள், அதே 132தான். ஆனால் உதைப்பு சுரீரென்று வெட்டாமல் மெதுவாகத் தள்ளுகிறது. மருந்து குறைவு என்பதால் பிரேக்குக்கு இன்னும் வேலை குறைவு. புதியது வாங்கியிருந்தால் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

கம்பெனி கொடுத்ததே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்டோபரில் மருத்துவர் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார். மூட்டு இன்னும் தேய்ந்திருந்தால் உதைப்பு மிகக் குறைந்த .22க்கு இறங்கிவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.