தீவு எங்கே போயிற்று?

அது 2022ஆம் ஆண்டு. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தாத்தாவும் பேத்தியும் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்கள். பேத்தி உயர்நிலை இரண்டில் படிப்பவள். ராபர்ட்சன் கீ பகுதியில் ஒரு பாலத்தின் பெயரைப் படித்ததும் நின்றுவிட்டாள். 'புலாவ் சைகோன் பாலம்.'

"தாத்தா, மலாய் மொழியில் புலாவ் என்றால் தீவுதானே? இங்கே தீவு எங்கே இருக்கிறது?"

தாத்தா சிரித்தார். "இந்தப் பாலத்துக்கும் அந்தப் பக்கம் இருக்கிற கிளமென்சோ பாலத்துக்கும் இடையில் இருந்தது, கண்ணு. இப்போது கரையோடு கரையாகிவிட்டது."

அவர் சொன்னது உண்மை. சிங்கப்பூர் ஆற்றின் நடுவே முன்பு ஒரு சிறு தீவு இருந்தது. தொடக்கத்தில் அது சதுப்பு நிலம். பிறகு அங்கே கிடங்குகளும் ஆடுமாடு அறுக்கும் கூடமும் வந்தன. 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் ரயில் பாதை அந்தத் தீவையும் எட்டியது. காலப்போக்கில் தீவுக்கும் கரைக்கும் இடையே இருந்த கால்வாய் தூர்க்கப்பட்டது. 1980களின் இறுதியில் மத்திய விரைவுச்சாலையின் சுரங்கத்துக்காக அந்த நிலத்தைத் தோண்டியபோது, பழைய பீங்கான் துண்டுகளும் கண்ணாடிப் புட்டிகளும் கிடைத்தன. யாரோ சோறு உண்ட தட்டுகள். யாரோ நீர் குடித்த கிண்ணங்கள். தீவின் பெயரை இன்று சுமந்து நிற்பது 1997இல் கட்டப்பட்ட அந்தப் பாலம் மட்டுமே.

தாத்தா சிறுவயதில் ஆற்றுக்கு அருகே, ஹேவ்லாக் ரோட்டுப் பக்கம் குடியிருந்தவர். அவருடைய அப்பா கிடங்கில் அரிசி மூட்டை சுமந்தார். சரக்கு ஏற்றிய தொங்கான்கள் ஆற்றில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்தில் அத்தகைய படகுகளில் வேலை செய்தவர்களில் பலர் தமிழகக் கரையிலிருந்து வந்தவர்கள். பிற்காலத்தில் அந்தத் தொழில் பெரும்பாலும் சீனர்களின் கைக்கு மாறியது.

"எங்கள் வீடு ஒரு கடைவீட்டின் மாடியில் பலகையால் தடுத்த ஓர் அறை. ஆறு பேர் இருந்தோம். குழாயும் கழிவறையும் மாடி முழுவதற்கும் பொது. அடுத்த தடுப்பில் ஒரு சீனக் குடும்பம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஆண்ட்டிதான் எங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பார்," என்றார் தாத்தா.

அந்த நாளில் ஏழைகள் விரும்பி வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டார்கள். கடைவீட்டுத் தடுப்பறை, அத்தாப்புக் குடிசை, படகு ஆகியவையே அவர்கள் அறிந்த வீடுகள். குடிசைகளில் தீ விபத்து அச்சம் எப்போதும் இருந்தது. 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. வீடிழந்தவர்களுக்கு அது விரைந்து அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. 1964 முதல் மக்கள் அத்தகைய வீடுகளைச் சொந்தமாக வாங்கவும் வழி பிறந்தது.

1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் ஆற்றைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் சார்ந்திருந்த பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் புதிய வீடுகளுக்கு மாறின. 1983இல் தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்குச் சென்றன. 1987இல் பணி நிறைவுற்றது. நாற்றமடித்த ஆற்றில் மீண்டும் மீன்கள் நீந்தின.

தாத்தாவின் குடும்பம் 1980இல் அங் மோ கியோவுக்கு மாறியது. சொந்தக் குழாய், சொந்தக் கழிவறை, மின்தூக்கி எல்லாம் அவருக்கு அதிசயமாக இருந்தன. "ஆனால், அம்மா மட்டும் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை," என்றார் அவர். "மாலையானால் தாழ்வாரத்தில் வந்து நிற்பார். அந்த ஆண்ட்டியின் குடும்பத்துக்கு வேறு பேட்டையில் வீடு கிடைத்திருந்தது. முகவரியை வாங்கி வைத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவே இல்லை."

பேத்தி ஆற்றைப் பார்த்தாள். இரு கரைகளிலும் தங்கும் விடுதிகளும் கூட்டுரிமை வீடுகளும் உயர்ந்து நின்றன. "இப்போது இங்கே ஒரு வீடு வாங்க முடியுமா, தாத்தா?"

"மூட்டை தூக்கியவர் பேரன்கூட வாங்கலாம். ஆனால், நிறையப் பணம் வேண்டும்," என்று சொல்லிவிட்டு அவர் சிறிது நேரம் பேசவில்லை.

அவர் மனத்தில் இருந்த கவலை வேறு. அந்த ஆண்டு அங் மோ கியோவின் சில புளோக்குகள் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. அவருடைய புளோக்கும் அவற்றுள் ஒன்று. புதிய வீட்டை 99 ஆண்டுக் குத்தகையில் வாங்கலாம். 50 ஆண்டுக் குத்தகையிலும் வாங்கலாம். வேறு வட்டாரத்துக்கும் போகலாம். மகன் தன் வீட்டுக்கு அருகே வந்துவிடுமாறு அழைத்தார். படிவம் இரண்டு வாரங்களாக மேசைமீது கிடந்தது.

"உங்களுக்கு எந்த வீடு பிடித்திருக்கிறது?" என்று பேத்தி கேட்டாள்.

"எந்த வீடு என்று நான் யோசிக்கவில்லை, அம்மா. யார் பக்கத்தில் என்றுதான் யோசிக்கிறேன்."

நாற்பது ஆண்டுகளாக எதிர்வீட்டில் இருக்கும் மலாய்க்காரர் நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம் அனுப்பத் தவறியதில்லை. பாட்டி இறந்த இரவு முதலில் ஓடிவந்தவர் பக்கத்துவீட்டுச் சீன மூதாட்டி. அண்டைவீட்டார் சேர்ந்து விண்ணப்பித்து, அருகருகே வீடுகளைத் தேர்ந்தெடுக்க அந்தத் திட்டத்தில் வழி இருந்தது. 1980இல் தாத்தாவின் அம்மாவுக்கு இல்லாத வாய்ப்பு அது.

அன்று மாலை தேக்காவில் இறங்கி, தாத்தா மூன்று பொட்டலம் முறுக்கு வாங்கினார். வீடு திரும்பியதும் ஒன்றை மேசைமீது வைத்தார். மற்ற இரண்டையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நீயும் வா," என்று பேத்தியை அழைத்தார். "இந்த முறை கேட்டுவிடுவோம்."