மரக்காணம் சாலையில் ஒரு வரிசை

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதி வழிக்குள் பெருமுக்கல் மலை வந்துவிடும். பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எங்களுக்கு அந்தச் சாலைதான். பள்ளி ஆசிரியர் ஒருவர், செல்போன் கடை வைத்திருந்தவர், வங்கி ஊழியர் இருவர், கல்லூரிப் பையன்கள், நான். விடிவதற்குள் மேம்பாலத்தடியில் கூடி, சைக்கிள் விளக்குகளை எரியவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

அந்தச் சாலை பெரும்பாலும் கிழக்கு நோக்கிப் போகிறது. அதனால் அங்கே சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குக் காற்றின் கணக்கு தெரிந்தே ஆகவேண்டும். மாசி பங்குனியில் விடியற்காலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். நம்மையும் கூட்டிக்கொண்டு போகும். தாமதித்துத் திரும்பினால் கடற்காற்று உள்ளே வந்து வீட்டுப் பக்கம் தள்ளிவிடும். ஐப்பசி கார்த்திகையில் வாடை எதிரில் நின்று மறிக்கும். ஆடி மாதம்தான் உண்மையான சோதனை. அம்மியையே பறக்கவைக்கும் மேல்காற்றில் மரக்காணம் வரை மிதிக்காமலே போவதுபோல் இருக்கும். அத்தனைக்கும் வட்டி சேர்த்து, திரும்பும் வழியில் வாங்கிவிடும்.

திரும்பும்போதுதான் வரிசை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, அவர் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு அடுத்தவர், அவருக்குப் பின்னால் அடுத்தவர். நல்ல வேகத்தில் இப்படிப் போனால் பின்னால் வருபவருக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சம். சில நிமிஷம் இழுத்துவிட்டு முன்னவர் ஒதுங்கி, வரிசையின் கடைசிக்கு வந்துவிடுவார். முதல் ஆள் சுட்டுவிரலைத் தரைப்பக்கம் நீட்டினால் குழி. கடைசி ஆள் "லாரி!" என்று கத்தினால் எல்லோரும் இடது ஓரம். முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர நமக்கு எதுவும் தெரியாது. அவர் விரலை நம்பித்தான் மிதிக்கவேண்டும். அப்படி ஒருவரை நம்பிப் போன நாட்கள் என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் அதிகம் இல்லை, பின்பும் இல்லை.

எங்களில் மெதுவாக மிதிப்பவர் ஆசிரியர். அவரை எப்போதும் இரண்டாவது இடத்தில், காற்றுப் படாமல் வைத்துக்கொள்வோம். "நீங்க போங்கப்பா, நான் மெதுவா வந்துடறேன்" என்பார். "சார், நீங்க இல்லாம மரக்காணத்துல டீ கிடையாது" என்று செல்போன் கடைக்காரர் சொல்லிவிடுவார். யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. குழுவின் வேகம் என்றால் அவருடைய வேகம்தான்.

வேலிக்காத்தான் முள் எங்களுக்குப் பொது எதிரி. ஓரத்தில் வெட்டிப் போட்டிருக்கும் கிளையிலிருந்து ஒன்று டயரில் ஏறினால் போதும். புளியமரத்தடியில் சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தைக் கழற்றி, டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவுவோம். முள்ளின் நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும். அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அடுத்த ஊரிலேயே மறுபடியும் காற்று இறங்கிவிடும். ரேஸ் சைக்கிளின் ட்யூபுக்கு மூக்கு மெல்லியது. சாலையோரக் கடையின் பம்ப் அதில் பொருந்தாது. அதற்காகச் சுண்டுவிரல் நகமளவு பித்தளை அடாப்டர் ஒன்றை ஆசிரியர் சாவிக்கொத்தில் கோத்து வைத்திருந்தார். அந்தத் துண்டால் வீடு வந்து சேர்ந்தவர்கள் எங்களில் பலர்.

சில ஞாயிறுகளில் மரக்காணத்தை விட்டுவிட்டுப் பெருமுக்கல்லிலேயே நிறுத்தி மலை ஏறுவோம். உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில், சோழர் காலக் கல்வெட்டுகள், இடிந்த கோட்டைச் சுவர். 1760இல் புதுச்சேரியை நோக்கிப் போன ஆங்கிலப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. 1782இல் ஹைதர் அலியின் படையும் பிரெஞ்சுக்காரர்களும் அதைக் கைப்பற்றினார்கள். அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியவை குகைப் பாறையில் இருக்கும் கீறல்கள். எழுத்தே இல்லாத காலத்தில் யாரோ கல்லைக் கல்லால் கொத்தி விட்டுப்போனவை. அவற்றின் முன்னால் கல்லூரிப் பையன்கள்கூடச் சத்தம் போடாமல் நிற்பார்கள். மேலே உட்கார்ந்து அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றபடி பார்த்தால் சுற்றிலும் பனை, ஏரி, நடுநடுவே கல்குவாரிகளின் பள்ளம். இவ்வளவு பழமையான மலையைச் சுற்றிக் கல் உடைப்பதை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை.

மரக்காணம் போய்விட்டால் உப்பளம். பனிக்காலத்தில் பக்கத்திலுள்ள கழுவேலி ஏரியில் பூநாரை நிற்கும். 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தபோது, எங்களுக்கே விருது கிடைத்ததுபோல் செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம்.

அதற்குள் நான் துபாய் வந்திருந்தேன். இங்கே அல் குத்ரா என்ற இடத்தில் பாலைவனத்தின் நடுவே சைக்கிளுக்கென்றே எண்பது கிலோமீட்டருக்கு மேல் பாதை போட்டிருக்கிறார்கள். குழி இல்லை, முள் இல்லை, லாரி இல்லை. என் சைக்கிளும் முன்னதைவிட நல்ல சைக்கிள். வேகமாகப் போகும் குழுக்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறேன். நல்லவர்கள்தான், ஆனால் பின்தங்கினால் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. 2024 பெஞ்சல் புயலில் திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அன்று உறவுக்காரர்களுக்கு முன்னால் நான் போனில் தேடியது அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்களைத்தான். "எல்லாரும் இருக்கோம்டா, நீ எப்ப வர்ற?" என்றார் செல்போன் கடைக்காரர். அதற்குச் சரியான பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

குழு இன்னும் போகிறது. ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடம் இப்போதும் இரண்டாவதுதான். திண்டிவனம், மயிலம், வானூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கியர் சைக்கிள் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிளே அந்தச் சாலைக்குப் போதும். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம், தலையில் ஹெல்மெட் கட்டாயம். கல் லாரிகள் நிறைவதற்குள் கிளம்பிவிடுங்கள். தனியாகப் போகவேண்டாம், உங்களைவிட மெதுவாக மிதிக்கும் ஒருவரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள்.