காசைச் சுடாமல் கட்டுவது

கழுத்தில் தொங்கப்போகும் நினைவுக் காசில் நெருப்பு படக்கூடாது, சட்டம் போட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. திருவனந்தபுரத்து ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் இதை ஒப்புக்கொள்ளாத தட்டார்கள் உண்டு. காசுமாலையில் ஒவ்வொரு காசுக்கும் வளையம் பற்றவைத்துத்தானே கோக்கிறோம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த லட்சுமிக் காசு மாலைக்கென்றே அச்சில் அடித்த தகடு. ஒன்று கெட்டால் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம். 1982 டெல்லி ஆசியப் போட்டிக்கு அரசு வெளியிட்ட இரண்டு ரூபாய்க் காசை ஒரு வீராங்கனை டாலராகப் போட்டுக்கொள்ள விரும்பினால் கதையே வேறு. அது செம்பும் நிக்கலும் கலந்தது. வெண்காரம் தடவிப் பொடி வைத்து ஊதினால் முகம் கறுக்கும். கறுப்பை எடுக்கத் திராவகம், அதன்மேல் மெருகு. மெருகு ஏற ஏற எழுத்தின் முனை மழுங்கும். விளிம்பில் மட்டும் சுடுகிறேன் என்பதும் சமாதானமாகாது, சூடு விளிம்போடு நிற்பதில்லை. 22 காரட் சவரன் கறுப்பது குறைவு என்றாலும், அதன் விளிம்புப் பல்லைப் பொடி அடைத்துவிடும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் பதக்கம் எனக்குச் சாட்சி. அதை வடிவமைத்தது ஷோமே என்ற நகைக்கடை. ஈபிள் கோபுரத்தின் பழைய இரும்பில் 18 கிராம் எடுத்து, அறுகோணமாக்கி, ஆறு மூலையிலும் நகம் வைத்துக் கல் பதிப்பதுபோல் பிடித்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் படித்த ஹாக்கி வீரர் ஸ்ரீஜேஷின் கழுத்தில் ஏறிய வெண்கலமும் அந்த வேலைதான். அந்த வெண்கலங்கள் சில நாளிலேயே நிறம் மாறியதாகப் புகார் வந்ததே என்று கேட்கலாம். அது மேற்பூச்சின் குறை, பிடிமானத்தின் குறையல்ல. ஆனால் விளையாடுகிறவர் மேனியில் கிடக்கும் செம்புக் கலவையை வியர்வை சும்மா விடாது என்ற பாடம் அதில் இருக்கிறது. ஆகவே சட்டத்தின் முதுகை மூடக்கூடாது. மூடினால் வியர்வை உள்ளே தேங்கும். நகம் துணியில் மாட்டும் என்ற ஆட்சேபம் மட்டும் சரியானது. ஓடுகிற ஆளுக்கு நகம் வேண்டாம், காசைச் சுற்றி வரும் வளையச் சட்டமும் அதை இறுக்க ஒரு திருகும் போதும். கூலி கூடும், பொன்னும் கொஞ்சம் கூடும், அதை மறைக்கவில்லை.

காசைக் கொடுக்குமுன் ஆசாரியிடம் ஒன்று கேளுங்கள்: பிறகு வேண்டுமென்றால் இதை நெருப்பில்லாமல் கழற்ற வருமா? வராது என்றால் வேறு பட்டறை பாருங்கள்.